துடைக்கக் கற்றுத் தந்தார்கள்

அப்பாவின் பட்டறைப் பெட்டியைக் காலி செய்தபோது அந்தக் காகிதம் கிடைத்தது. வடசேரியில் எங்கள் வீட்டு முன்னறைதான் பட்டறை. கோயில் நகை செய்கிற வீடுகள் பலவும் அப்படித்தான் இருந்தன. தெருவைப் பார்த்த அறையில் ஆண்கள் உட்கார்ந்து வேலை செய்வார்கள். அடுக்களையிலிருந்து வருகிற பெண்கள் நிலைப்படியோடு நின்று காப்பியை நீட்டுவார்கள். அப்பா போய் ஒன்றரை வருஷம் கழித்துத்தான் எனக்கும் தம்பிக்கும் அந்தப் பெட்டியைத் திறக்க மனம் வந்தது. கெம்புக் கல் பொட்டலங்கள், அரங்கள், கம்பி இழுக்கும் துளைத்தகடு, எல்லாவற்றுக்கும் அடியில் நான்காக மடித்த ஒரு பழுப்புத் தாள். பிரித்தால் கறுப்பு வட்டம், ஐந்து ஓட்டைகள், மூலையில் சிவப்பு மையில் என் பெயர். பெயருக்குக் கீழே நான் தேறவில்லை என்பதற்கான ஒற்றை எழுத்து.

1997 கிறிஸ்துமஸ் விடுமுறையில் நடந்த என்.சி.சி. முகாமில் நான் சுட்ட தாள் அது.

அந்த முகாமில் ஆண்களும் பெண்களுமாக வந்திருந்தோம். கொட்டகைக்குள் ரைபிள்கள் வரிசையாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. பாயின்ட் டூ டூ என்று சொல்வோம், 5.6 மில்லிமீட்டர் குழல். பையன்கள் முதலில் உள்ளே போய் எடுத்தார்கள். மிச்சம் நின்றவை எங்களுக்கு. அதை அநியாயம் என்று அன்றைக்கு நினைத்தேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். இல்லை. வீட்டிலும் அண்ணன் தம்பி சாப்பிட்ட பிறகுதானே எங்களுக்கு இலை. மிஞ்சியது எங்களுடையது என்பது பழகிப்போன ஏற்பாடு.

25 மீட்டரில் ஐந்து ரவை. படுத்த நிலையில் சுட வேண்டும். ஐந்தும் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்றுதான் பார்ப்பார்கள். எனக்குத் தாள் முழுக்க விழுந்தது. என் பக்கத்தில் படுத்திருந்த பூதப்பாண்டிக்காரிக்கு அதைவிட மோசம். அவள் எங்கள் குழுவிலேயே உடம்பு கட்டானவள். காவல்துறையில் எஸ்.ஐ. ஆக வேண்டும் என்று அடம்பிடித்து என்.சி.சி.க்கு வந்தவள். அவளையும் என்னையும் எழுப்பி நிறுத்தி, தாள்களைத் தூக்கிக் காட்டி, பயிற்சி தந்தவர் சொன்னார்: "ரெண்டு பேருக்கும் கை நடுங்குது. இது கோலப்பொடி பிடிக்கிற கை." பையன்கள் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம் என்பதுதான் இப்போது எனக்குக் கசக்கிறது.

அதன் பிறகு நடந்த தேர்வில் அவள் பெயர் வரவில்லை. அவளுடைய அப்பாவுக்கு அது போதுமானதாக இருந்தது. "துப்பாக்கியும் பிடிக்கத் தெரியல்லியாம்லா, பிறகென்ன போலீசு" என்று சொல்லி அடுத்த ஆவணியில் கட்டிக்கொடுத்துவிட்டார். எனக்குப் பெரிய நஷ்டம் இல்லை. தமிழ் எம்.ஏ., பிறகு பிஎச்.டி., பிறகு வேலை. கை நடுங்கும் என்ற எண்ணம் மட்டும் உடம்பில் எங்கோ தங்கிவிட்டது. வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டபோதும், மேடையில் முதன்முதலாக மைக்கைப் பிடித்தபோதும் அது எழுந்து வந்தது.

முகாமிலிருந்து வந்த அன்று அப்பாவிடம் தாளைக் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி வெகு நேரம் பார்த்தார். மூன்று ஓட்டைகள் வட்டம். இரண்டு மட்டும் வெள்ளரி விதை மாதிரி நீளம்.

"இது என்னத்துக்கு மக்ளே நீளமா இருக்கு?"

"தெரியல்லப்பா."

"நீ குழலுக்குள்ள பாத்தியா?"

"அதெல்லாம் நாங்க பாக்கக்கூடாது. துடைக்க மட்டுந்தான்."

அவர் துளைத்தகட்டைக் கையில் எடுத்தார். தங்கக் கம்பியை மெல்லிசாக்க அந்தத் தகட்டின் துளைகள் வழியாக இழுப்பார்கள். ஒவ்வொரு துளையும் முந்தியதைவிடச் சிறிது. "ஓட்டை தேஞ்சிட்டுன்னா எவன் இழுத்தாலும் கம்பி ஒழுங்கா வராது" என்றார். அவ்வளவுதான். எனக்கு அது ஆறுதல் பேச்சாகத்தான் பட்டது. தாளைத் தரையில் போட்டுவிட்டு எழுந்து போனேன். அதை அவர் எடுத்து வைத்துக்கொண்டார் என்பது எனக்கு இந்தப் பெட்டியைத் திறக்கும்வரை தெரியாது.

நாங்கள் துடைத்ததைச் சொல்ல வேண்டும். முகாமில் சுடும் நேரம் ஐந்து நிமிடம் என்றால் துடைக்கும் நேரம் ஒரு மணி. பையன்கள் கிரிக்கெட்டுக்குப் போன பிறகு அவர்களுடைய ரைபிள்களும் எங்கள் முன்னால் வரும். பட்டின் அடியில் பித்தளைத் தகட்டில் ஒரு சின்னக் கதவு இருக்கும். திறந்தால் எண்ணெய்ப் புட்டியும் 'புல்த்ரூ'வும். புல்த்ரூ என்பது ஒரு கயிறு. ஒரு நுனியில் பித்தளைக் குண்டு, மறுபக்கம் வளையங்கள். வளையத்தில் நாலுக்கு இரண்டு அங்குலத் துணியைச் செருக வேண்டும். அதற்குப் பட்டாளத்துப் பெயர் சிந்தி. போல்ட்டைக் கழற்றிவிட்டுப் பின்பக்கமாகக் குண்டைப் போட்டால் குழல் வாய் வழியாக வெளியே விழும். பிறகு கயிற்றைப் பிடித்து இழுக்க வேண்டும். ஒருத்தி பட்டைக் காலால் அணைத்துக்கொள்வாள், மற்றவள் இழுப்பாள். எங்களில் பலர் குள்ளம். நின்ற ரைபிளின் வாய்க்கு நேராகக் கையை உயர்த்தி இழுக்க எட்டாது. அதனால் பக்கவாட்டில் சாய்த்து இழுத்தோம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பதினைந்து வருஷம் கழித்து நானே என்.சி.சி. அதிகாரி ஆனேன். ஆசையால் அல்ல. கல்லூரியில் முந்தைய பொறுப்பாளர் ஓய்வு பெற்றபோது யாரும் முன்வரவில்லை. மூன்று மாதப் பயிற்சிக்கு வடக்கே போய், முட்டியைத் தேய்த்துக்கொண்டு திரும்பி வந்தேன். சக கவிஞர்கள் கேலி செய்தார்கள். எழுதுவது போருக்கு எதிரான கவிதை, போடுவது காக்கிச் சட்டை என்று. கேலி நியாயம்தான். எங்கள் ஊரில் துப்பாக்கி என்றால் ஆச்சிமார்களுக்கு நினைவு வருவது 1954 ஆகஸ்ட் 11. தாய்த் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று கூடிய கூட்டத்தை நோக்கித் திருவிதாங்கூர்–கொச்சி போலீஸ் தக்கலையிலும் புதுக்கடையிலும் சுட்ட நாள். சுட்டான் என்று ஆச்சி சொல்லமாட்டாள், 'வெடிவச்சான்' என்பாள். அந்தச் சொல்லோடு வளர்ந்தவள்தான் நானும். ரைபிளைக் கொண்டாட எனக்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்தக் கொட்டகைக்குள் பெண்பிள்ளைகளின் பெயருக்கு எதிரே எழுதப்படுகிற மதிப்பெண்ணுக்கு நான்தான் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.

ஒரு மழைக்காலத்தில் எங்கள் ரைபிள்களைப் பரிசோதிக்க ஆர்மரர் ஒருவர் வந்தார். நாங்குநேரிப் பக்கத்து ஆள், ஓய்வுக்கு ஒரு வருஷம் மிச்சம். எல்லாரும் அவரை அண்ணாச்சி என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் முதலில் ரைபிளின் வெளிப்புறத்தைப் பார்க்கவே இல்லை. போல்ட்டை உருவினார். காலியாக இருக்கிறதா என்று விரலை விட்டுத் தடவினார். பிறகு போல்ட் இருந்த இடத்தில் தன் கட்டைவிரல் நகத்தை வெளிச்சத்துக்குச் சாய்த்து வைத்து, குழல் வாய்ப் பக்கமிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.

"நகத்துல வெளிச்சம் வாங்கணும் டீச்சர். நகம் கறுத்திருந்தா வெள்ளத் தாள் வச்சுக்கிடலாம்."

நானும் பார்த்தேன். என் வாழ்நாளில் ஒரு துப்பாக்கிக் குழலுக்குள் முதல்முறையாகப் பார்த்தது அப்போதுதான். அதற்கு முன் துப்பாக்கியை வைத்து இரண்டு கவிதை எழுதியிருக்கிறேன். இரண்டிலும் குழலின் உட்புறம் வழவழப்பானது. நிஜத்தில் அது வழவழப்பு இல்லை. மரையாணியின் மரைபோல வரிகள் சுழன்று சுழன்று ஓடுகின்றன. உள்ளே விழுந்த வெளிச்சம் அந்த வரிகளைப் பிடித்துக்கொண்டு சுருள் சுருளாக ஏறுகிறது. ரவை இந்த வரிகளில் அழுந்தித்தான் சுழலுகிறது. பாயின்ட் டூ டூவில் 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று. பழைய .303இல் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று, அதுவும் இடப்பக்கமாக. 25 அங்குலக் குழலுக்குள் இரண்டரைச் சுற்றுதான். ஆனால் விநாடிக்கு 2,400 அடிக்கு மேல் போகிற வேகத்தில் அது விநாடிக்கு ஏறக்குறைய 2,900 சுழற்சியாகிவிடுகிறது. பம்பரம் சுழலும்வரை நிற்கிற மாதிரி ரவையும் சுழலும்வரை மூக்கு நேராகப் போகிறது. வரி தேய்ந்தால் சுழற்சி குறையும். சுழற்சி குறைந்தால் தள்ளாடிக் குப்புறப் புரளும். புரளும்போது தாளில் மூக்கால் குத்தாது, விலாவால் குத்தும்.

"அப்போ ஓட்டை நீளமா விழும், சாவித் துவாரம் மாதிரி" என்றார் அண்ணாச்சி. "அதப் பாத்தா சுட்ட ஆள ஏசக்கூடாது. குழலத்தான் பாக்கணும்."

வெள்ளரி விதை. அந்தக் கொட்டகையில் நான் நின்றுகொண்டேதான் இருந்தேன். ஆனால் கொஞ்ச நேரம் அவர் பேசியது எதுவும் காதில் விழவில்லை.

பிறகு அவர் ரைபிளைத் திருப்பிக் குழல் வாயைக் காட்டினார். உள்ளே ஆழத்தில் வரிகள் கூர்மையாக இருந்தன. வாய்க்கு அருகே மட்டும், அதுவும் ஒரு பக்கத்தில் மட்டும், மழுங்கிப் போயிருந்தன. "வாய் ஒரு பக்கமா சிரிக்குது பாருங்க. இது சுட்டுத் தேஞ்சதில்ல. கயிறு அறுத்தது." பாயின்ட் டூ டூ குழல் சுட்டுத் தேய்வது அபூர்வம் என்றார். ரவை வெறும் ஈயம், மருந்தும் கொஞ்சம். அதைத் தேய்ப்பது சுத்தம் செய்கிற கைதான். கயிற்றில் மணலும் தூசியும் ஒட்டியிருக்கும். நேராக இழுக்காமல் சாய்த்து இழுத்தால் கயிறு கிணற்று விளிம்பை அறுப்பதுபோல் குழல் வாயை அறுக்கும். ரவை கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகிற இடம் வாய். அங்கே ஒரு மயிரிழை கோணினாலும் போதும்.

ஆக, அந்தக் குழலைக் கெடுத்ததில் எங்களுக்கும் பங்கு உண்டு. எங்களுக்கு முன்னால் அந்தக் கொட்டகையில் குந்தியிருந்த அத்தனை பெண்பிள்ளைகளுக்கும் உண்டு. துடை என்றார்கள். பளபளப்பாக இருக்க வேண்டும் என்றார்கள். நேராக இழு என்று யாரும் சொல்லவில்லை. எட்டாவிட்டால் ரைபிளை மேசைமேல் கிடத்திக்கொள் என்று சொல்லவில்லை. துடைத்த பிறகு உள்ளே பார் என்றும் சொல்லவில்லை. துடைப்பதற்கு அறிவு தேவையில்லை, பார்ப்பதற்குத்தான் தேவை என்ற பிரிவினை எங்கள் பட்டறை வீட்டிலும் இருந்தது. பட்டறைத் தூசியைக் கூட்டி அள்ளி, நீரில் அலசி, பொன் பொடியை மீட்டது அம்மா. மாற்று பார்த்தது அப்பா.

இத்தனைக்கும் பார்க்கும் வேலை பெண்களுக்கு வராத ஒன்றில்லை. இரண்டு உலகப் போர்களிலும் பிரிட்டிஷ் ஆயுத ஆலைகளில் ஆண்கள் களத்துக்குப் போனபோது, அளவுக் கருவியை வைத்து ஒவ்வொரு உறுப்பையும் சோதித்து ஏற்கவும் கழிக்கவும் செய்தவர்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் இருந்தார்கள். போர் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பினார்கள் என்பது வேறு கதை. 1943 அக்டோபரில் சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படையின் முகாம் திறந்தபோது சேர்ந்தவர்களில் மலேயா ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் பலர். அவர்கள் ரைபிளைத் தோளில் ஏந்திய படங்களை வகுப்பில் காட்டுவேன். ரைபிளைத் திருப்பிப் பிடித்துக் குழலுக்குள் பார்க்கிற ஒரு பெண்ணின் படம் இதுவரை என் கண்ணில் பட்டதில்லை.

அண்ணாச்சி மூன்று நாள் இருந்தார். நான் நோட்டோடு பின்னால் திரிந்தேன். பழைய பட்டாள ரைபிள்களைப் பற்றி அவர் பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். .303இல் கயிற்றைவிடப் பெரிய எதிரி நெருப்பு. கார்டைட் என்ற வெடிமருந்து வந்த புதிதில், அதன் சூடு தாங்காமல் லீ–மெட்ஃபோர்டு ரைபிளின் ஆழமில்லாத ஏழு வரிகள் சீக்கிரமே கரைந்துபோயின. அதனால்தான் 1895இல் ஐந்து ஆழமான வரிகள் கொண்ட என்ஃபீல்டு குழலுக்கு மாறினார்கள். அதையே கல்கத்தாவுக்கு வடக்கே இஷாப்பூரில் பல பத்தாண்டுகள் செய்தார்கள். அடுத்த எதிரி உப்பு. பழைய தோட்டாவின் பற்றவைக்கும் மருந்து எரிந்தால் குழலுக்குள் ஓர் உப்பு படியும். நம் புத்தளம் உப்பளத்து உப்பு மழைக்காலத்தில் கசிவதுபோல் அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இரவோடிரவாகத் துரு. எண்ணெய்க்கு அந்த உப்பு கரையாது, வெந்நீருக்குத்தான் கரையும். அதனால் சுட்ட அன்றே குழலில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்ற வேண்டும். புனலை வைத்துப் பட்டாளத்தார் வெந்நீர் ஊற்றியிருக்கிறார்கள் என்று கேட்டபோது எனக்குப் பிரசவ அறைதான் நினைவுக்கு வந்தது, ஏனென்று தெரியவில்லை.

எங்கள் பத்து ரைபிள்களில் நான்கில் வரி தேயவே இல்லை. ஈயம் அப்பி வரியை மூடியிருந்தது. பித்தளைத் தூரிகையும் எண்ணெயும் கொண்டு, பின்பக்கமிருந்து நேராகத் தள்ளித் தள்ளி இரண்டு சாயங்காலத்தில் எடுத்தோம். மாணவிகள் ஆளுக்கொரு முறை உள்ளே பார்த்துவிட்டு, "மேடம், இப்ப சுத்துது!" என்று கத்தினார்கள். வாய் அறுந்த இரண்டை அண்ணாச்சி தனியே வைத்தார். வாயோரத்தைக் கொஞ்சம் அறுத்தெறிந்து புதிதாக வட்டம் கடைந்தால் பிழைக்கும், அது பணிமனை வேலை. அவரிடம் இரண்டு இரும்புக் கம்பிகள் இருந்தன. ஒன்று குழலுக்குள் போக வேண்டிய கம்பி, மற்றது போகக்கூடாத கம்பி. ஒரு ரைபிளில் போகக்கூடாதது சர்ரென்று போனது. அதைக் கழித்தார். குழலில் துளை போட்டு, ஊசியை எடுத்துவிட்டால் அது அணிவகுப்புக்கு மட்டும் ஆகும். டி.பி. என்பார்கள். சுடாத, ஆனால் சுமக்க வேண்டிய துப்பாக்கி.

எனக்கு மிகவும் பிடித்தது ஏழாவது ரைபிள். அதன் வாயில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வளையங்கள், மயிரிழைக் கோடு பிரித்தது. அது பிறக்கும்போது .303. குழல் தேய்ந்த பிறகு யாரோ உட்புறத்தை அகலமாகக் குடைந்து, வரி போட்ட சின்ன எஃகுக் குழாயை உள்ளே செருகிப் பாயின்ட் டூ டூ ஆக்கியிருக்கிறார்கள். பர்மிங்காமில் பார்க்கர் என்ற நிறுவனம் இந்த வேலையில் பெயர் பெற்றிருந்தது. ஈயத்தை உருக்கிக் குழலுக்குள்ளேயே வார்த்து, அதில் உரப்பொடி தடவி இழுத்து உட்புறத்தை மெருகேற்றுகிற முறை ஒன்றும் உண்டு. இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னபோது அவர் படுக்கையில் இருந்தார். ஈயம் வார்க்கிற இடத்தில் மட்டும் கண்ணைத் திறந்து, "நானும் அப்பிடித்தான் செய்திருப்பேன்" என்றார். அந்தத் தாளைப் பற்றி அவரும் சொல்லவில்லை, அது தொலைந்துவிட்டது என்று நினைத்து நானும் பேச்செடுக்கவில்லை.

துப்பாக்கி என்ற சொல்லைத் துப்புவதோடு சேர்த்து மாணவிகள் வேடிக்கையாகப் பொருள் சொல்வார்கள். அது துருக்கியிலிருந்து வந்த சொல். அங்கே அதன் பழைய பொருள், ஊதிக் குருவி அடிக்கிற வெறும் குழாய். எங்கள் வீட்டில் அப்படி இரண்டு இருந்தன. அப்பா விளக்குச் சுடரை ஊதிப் பொடி வைத்துப் பற்றியது ஒன்று, அம்மா அடுப்பு ஊதியது ஒன்று. அம்மாவுடையது கடைசிவரை உள்ளே சுத்தமாக இருந்தது. அவள் அடிக்கடி வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள்.

இப்போது என் பிள்ளைகளுக்கு முதல் வாரம் சுடுவது கிடையாது. பார்ப்பது மட்டும். ரைபிளைக் கிடத்தி, காலியா என்று இரண்டு பேர் சரிபார்த்து, நகத்தில் வெளிச்சம் வாங்கி, பார்த்ததை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சென்ற வருஷக் கூட்டு முகாமில் எங்களுக்கு ஒதுக்கிய எட்டில் இரண்டை என் மாணவிகள் திருப்பிக் கொடுத்தார்கள். கொடுத்தவருக்கு முகம் சுளித்தது. "பொம்பளப் பிள்ளையளுக்கு இதெல்லாம் யார் சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டார். பதில் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள், இறச்சகுளத்திலிருந்து வருகிற ஒருத்தி, "சார், நீங்களே பாருங்க" என்று ரைபிளை அவர் பக்கம் திருப்பினாள். அவர் பார்த்தார். மாற்றிக் கொடுத்தார்.

தாள் கிடைத்த அன்று இரவு பூதப்பாண்டிக்காரியை அழைத்தேன். வருஷத்துக்கு ஒருமுறை பேசுகிற பழக்கம் எங்களுக்கு உண்டு. அவள் இப்போது தையல் கடை வைத்திருக்கிறாள். தெரிந்ததையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் நின்றது.

"இத எதுக்குட்டி இப்பச் சொல்லுக?" என்றாள். குரலில் அவ்வளவு கோபம். "ஊசியில நூல் கோக்கும்போதெல்லாம், என் கை நடுங்குற கையின்னு நெனச்சிட்டே கோத்திருக்கேன். எத்தனை வருசம்?"

நான் மன்னிப்புக் கேட்டேன், யாருக்காகக் கேட்கிறேன் என்று தெரியாமலே. அவள் வெகு நேரம் பேசவில்லை. அவளுடைய தாள் அன்றைக்கே அவள் வீட்டு அடுப்புக்குப் போய்விட்டது. எனக்குத் தெரியும்.

"உனக்கு நீள ஓட்டை எத்தனை?" என்று கேட்டாள்.

"ரெண்டு."

"எனக்கு மூணு" என்றாள்.